“எல்லாம் ஓகே” பட்டனைத் தூக்கிட்டேன்: தலைக்கு மேல ஓடுற க்ரேனை எப்படிச் செக் பண்றாங்க?

(எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது நான் நூறு தடவை சொன்ன ‘வந்து’, ‘அதாவது’ எல்லாத்தையும் வெட்டியாச்சு. படிக்க வசதியா நடுநடுவுல தலைப்பு சேர்த்திருக்கேன்.)

இந்த வாரம் கோடிங் இல்ல, ஏஐ இல்ல, அப்ரைசல் புலம்பலும் இல்ல. இன்னிக்கு க்ரேன் பத்திப் பேசப் போறேன். மெட்ரோ வேலை நடக்குற இடத்துல வானத்தை முட்டிக்கிட்டு நிக்குமே, அது இல்ல. ஃபேக்டரி ஷெட்டுக்குள்ள, கூரைக்குக் கொஞ்சம் கீழ, ரெண்டு பக்கமும் தண்டவாளம் போட்டு ஓடும் பாருங்க, அந்த க்ரேன். ஈஓடி க்ரேன்னு சொல்வாங்க. கரண்ட்ல, தலைக்கு மேல, நகர்ற க்ரேன்.

ஒரு சாஃப்ட்வேர்காரனுக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. இருக்கு. நான் எழுதின ஒரு ஆப் இதுல மாட்டியிருக்கு. அதையும் சேர்த்தே சொல்லிடறேன்.

ஆரணியில இருந்து ஷாப் ஃப்ளோருக்கு

எங்க ஊர் ஆரணி. பட்டுக்குப் பேர் போன ஊர். எங்க வீட்டுலயும் தறி உண்டு. தாத்தா நெஞ்சார், அப்பா நெஞ்சார். நான் இன்ஜினியரிங் முடிச்சுட்டு ஓஎம்ஆர்ல சீட்டைத் தேய்க்கிறேன். பெரியம்மா பையன், என்னைவிட ஆறு வயசு பெரியவர், அவரும் தறியில உக்காந்தவர்தான். கூலி கட்டலைன்னு ஐடிஐ முடிச்சுட்டு ஷெட் வேலைக்குப் போயிட்டார். எங்க தெருவுல இது புதுசு இல்ல. செய்யாறு சிப்காட், ராணிப்பேட்டைன்னு காலையில கிளம்பிப் போற நெசவாளர் வீட்டுப் பிள்ளைங்க நிறைய பேர்.

அண்ணன் வேலை பாக்குறது ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட். பேர் வேண்டாம். இரும்புத் தகடு வெட்டி, வெல்டிங் பண்ணி, பெரிய பெரிய ஃப்ரேம் செய்யற இடம். அங்க ஒரு 5 டன் ஈஓடி க்ரேன் இருக்கு. அண்ணன்தான் ஆபரேட்டர். மேல கேபின் எல்லாம் கிடையாது. கீழ நின்னு, கேபிள்ல தொங்குற பட்டன் பெட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டணும். அந்தப் பெட்டிக்குப் பேர் பென்டன்ட்.

தினமும் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது ஒரு பேப்பர்ல டிக் போடணும். ரோப் சரியா, ஹூக் சரியா, ப்ரேக் சரியா, இப்படி 14 கேள்வி. பேப்பர் எண்ணெய் பட்டு, கிழிஞ்சு, பாதி நாள் காணாமப் போயிடும். ஓனர் அண்ணன்கிட்ட, “உன் தம்பி கம்ப்யூட்டர்ல இருக்கான்ல, ஃபோன்ல வர்ற மாதிரி ஒண்ணு செஞ்சு தரச் சொல்லு”ன்னு கேட்டார். ஒரு சனி, ஞாயிறுல எழுதிக் குடுத்துட்டேன்.

முதல் வாரமே கம்ப்ளைன்ட். 14 தடவை தட்ட வேண்டியிருக்கு, கையுறை போட்டா ஸ்க்ரீன் வேலை செய்யல, நேரம் ஆகுதுன்னாங்க. நானும் யூசர் ஃபீட்பேக்னு நினைச்சு ஒரு பட்டன் சேர்த்தேன். “எல்லாம் ஓகே.” ஒரே தட்டு, 14 டிக்கும் விழுந்துடும். எல்லாருக்கும் சந்தோஷம். சூப்பர்வைசர் வாட்ஸ்அப்ல கட்டைவிரல் அனுப்பினார்.

ஒன்றரை மாசம் கழிச்சு ஒரு நாள் மதியம் அண்ணன் ஃபோன் பண்ணார். குரல் நடுங்குச்சு.

என்ன நடந்துச்சு

லோடு இறக்கியாச்சு. காலி ஹூக். கீழ ட்ராலியில உயரமான ஒரு ஃப்ரேம் போக வேண்டியிருந்ததால, அண்ணன் ஹூக்கை மேல ஏத்தினார். கண்ணு ஃப்ரேம் மேல. விரல் ‘அப்’ பட்டன் மேல.

எப்பவும் மேல போய் அதுவா நின்னுடும். நிக்க வைக்கிறது அப்பர் லிமிட் சுவிட்ச். ஹூக் அளவுக்கு மேல ஏறினா மோட்டாருக்குப் போற கரண்ட்டைக் கட் பண்ற சின்ன சாதனம். அன்னிக்கு அது வேலை செய்யல. லிவர் துருப்பிடிச்சு இறுகிப் போயிருந்துச்சு. ஹூக் பிளாக் நேரா போய் மேல டிரம்மோட அடியில மோதுச்சு. மோட்டார் நிக்காம இழுத்துச்சு. ரோப் அறுந்துச்சு. ஹூக் பிளாக் கீழ விழுந்துச்சு. காலியா இருந்தாலும் அது கனமான இரும்பு. அண்ணன் நாலு அடி தள்ளி நின்னதால இன்னிக்கு இருக்கார்.

அன்னிக்கு ராத்திரி லேப்டாப்பைத் திறந்து ஆப்போட டேட்டாபேஸைப் பாத்தேன். 41 நாள் ரெக்கார்ட். 41 நாளும் எல்லாம் ஓகே. திறந்து மூடறதுக்கு எடுத்த நேரம் பெரும்பாலும் 5 செகண்டுக்குள்ள. சம்பவம் நடந்த அன்னிக்குக் காலையில 8.02க்கு, 4 செகண்ட். ‘லிமிட் சுவிட்ச் சோதித்தாச்சா?’ங்கிற கேள்விக்கு எதிர்ல பச்சை டிக்.

அண்ணன் என்னைத் திட்டல. “தப்பு எங்களுதுதான்டா தம்பி, நாங்க யாரும் மேல அண்ணாந்து பாக்கல. ஆனா பாக்காமலே போறதுக்கு நீ வழி போட்டுக் குடுத்துட்ட”ன்னார்.

அதுக்கப்புறம்தான் இந்தச் செக்கிங்னா என்னன்னு படிக்க ஆரம்பிச்சேன். ஓனர்கிட்ட பெர்மிஷன் வாங்கி, முழுப் பரிசோதனை பண்ண வந்தவர் கூட ஒரு நாள் பூரா நின்னேன். இனிமே சொல்றது அங்க கத்துக்கிட்டது.

முதல்ல க்ரேனோட உடம்பு

ஷெட்டோட ரெண்டு நீளச் சுவர் பக்கமும் உயரத்துல தண்டவாளம். அதுக்குக் குறுக்க ஒரு இரும்புப் பாலம், அதுதான் கேர்டர். பாலம் தண்டவாளத்துல முன்ன பின்ன ஓடும். பாலத்து மேல ஒரு ட்ராலி இடது வலதா ஓடும். ட்ராலியில மோட்டார், டிரம், ப்ரேக். டிரம்ல சுத்தின வயர் ரோப், அதுல தொங்குற ஹூக் மேல கீழ போகும். மூணு திசை, ஆறு பட்டன்.

க்ரேன் விபத்துன்னா நமக்கு ஞாபகம் வர்றது வேற வகை. 2023 ஜனவரி 22 ராத்திரி, அரக்கோணம் பக்கம் கீழ்வீதி கிராமத்துல, அம்மன் கோயில் திருவிழாவுல சாமிக்கு மாலை போட ஆளுங்க க்ரேன்ல தொங்கிக்கிட்டு இருந்தப்போ அது சாய்ஞ்சு 4 பேர் இறந்தாங்க. எங்க ஊர்லயும் அன்னிக்கு அதே பேச்சுதான். அது டயர்ல ஓடுற க்ரேன். தரை சரியில்லைன்னா கவுந்துடும். ஷெட் க்ரேன் அப்படிக் கவுறாது, அதனாலேயே பயமும் வராது. தினமும் தலைக்கு மேல போறதால ஃபேன் மாதிரி ஆகிடும். யாரும் பாக்கறதில்ல.

காலையில பத்து நிமிஷம்

ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது பண்ற செக் சின்னது. ஆனா ஒவ்வொண்ணும் ஒரு குறிப்பிட்ட விபத்தைத் தடுக்கறதுக்காக வச்சது.

முதல்ல பென்டன்ட். பட்டன் மேல இருக்குற அம்புக்குறி அழியாம இருக்கா? அமுக்கின பட்டன் விட்டதும் திரும்பி வருதா? எமர்ஜென்சி ஸ்டாப் அமுக்கினா எல்லாம் நிக்குதா?

அடுத்து, ‘அப்’ அமுக்கினா ஹூக் நிஜமா மேலதான் போகுதா? இது சிரிப்பா இருக்கும், ஆனா முக்கியம். ஷெட்டுல யாராவது மெயின் லைன்ல வேலை பாத்து, மூணு ஃபேஸ்ல ரெண்டை மாத்திப் போட்டுட்டா மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும். ‘டவுன்’ அமுக்கினா ஹூக் மேல ஏறும். பல க்ரேன்ல அப்பர் லிமிட் சுவிட்ச், ‘அப்’ பட்டனோட சர்க்யூட்டைத்தான் கட் பண்ணும். இங்க ஓடறது ‘டவுன்’ சர்க்யூட்ல. அதனால சுவிட்ச் நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்லாமப் போயிடும். நம்ம பாஷையில சொன்னா, வேற ஃபங்ஷன்ல எர்ரர் ஹேண்ட்லிங் எழுதி வச்ச கதை.

மூணாவது, அந்த லிமிட் சுவிட்ச். லோடு இல்லாம, கீழ ஆள் இல்லாம, பட்டனை விட்டு விட்டு அமுக்கி, ஹூக்கை மெதுவா ஏத்திப் பாக்கணும். நின்னா சரி. அமெரிக்காவோட ஓஷா விதியில, ஒவ்வொரு ஆபரேட்டரும் தன் ஷிஃப்ட் ஆரம்பத்துல இதை லோடு இல்லாம சோதிக்கணும்னு எழுதியே இருக்கு. அதே விதியில இன்னொண்ணும் இருக்கு: லிமிட் சுவிட்சை வழக்கமா நிறுத்தற பட்டன் மாதிரி உபயோகிக்கக் கூடாது. எங்க அண்ணன் பண்ணது அதுதான். அதுவா நிக்கட்டும்னு தினமும் விட்டுட்டார். கடைசிப் பாதுகாப்பை முதல் பாதுகாப்பா மாத்திட்டா, அது போற அன்னிக்கு வேற எதுவும் மிச்சம் இல்ல.

நாலாவது, ப்ரேக். லோடைத் தரையில இருந்து சில அங்குலம் மட்டும் தூக்கி நிறுத்திப் பாக்கணும். நகராம நிக்குதா, இல்ல மெல்ல இறங்குதா? க்ரேனோட முழு அளவுக்குப் பக்கத்துல இருக்குற லோடுன்னா ஒவ்வொரு தடவையும் இதைப் பண்ணணும்.

அப்புறம் ஹூக்கோட வாயில இருக்குற சின்ன தாழ்ப்பாள், சேஃப்டி லாட்ச். அது உடைஞ்சிருந்தா தளர்ந்த ஸ்லிங் வெளிய நழுவும். ஓடும்போது அடிக்கிற ஹூட்டர் சத்தம் வருதான்னும் பாக்கணும். பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். நாலு செகண்ட்ல முடியாது.

கயிறு: 216 இழை

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. வயர் ரோப்னா ஒரே கம்பி இல்ல. க்ரேன்ல வர்ற ஒரு வகை ரோப்ல 6 புரி இருக்கும், ஒவ்வொரு புரியிலயும் 36 கம்பி. மொத்தம் 216 கம்பி, நடுவுல ஒரு கோர். பட்டு நூல் முறுக்கற வீட்டுல வளந்தவனுக்கு உடனே புரிஞ்சுது. மெல்லிசான இழைங்களைச் சேர்த்து முறுக்கினா வளையவும் வளையும், பாரமும் தாங்கும்.

கணக்கைப் பாருங்க. 5 டன் க்ரேன், ஹூக் பிளாக்கை நாலு வரி ரோப் தாங்குதுன்னு வைங்க. ஒரு வரிக்கு 1.25 டன். ரோப் அறுந்து போற பலம் இதுக்குக் குறைஞ்சது 5 மடங்கு இருக்கணுங்கிறது வழக்கம். அதாவது 6.25 டன். இவ்வளவு மிச்சம் இருக்கும்போது ஏன் செக் பண்ணணும்? ரோப் புல்லியில ஏறி இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் வளைஞ்சு நிமிருது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைச்சுக்கிட்டே இருந்தா உடையுமே, அதேதான். வெளிக் கம்பி ஒண்ணொண்ணா உடையும். அந்த 5 மடங்கு கொஞ்சம் கொஞ்சமா கரையும். இதுல லோடைக் குறுக்க இழுக்கறது, திடீர்னு வெடுக்குனு தூக்கறது எல்லாம் சேர்ந்தா இன்னும் சீக்கிரம் கரையும்.

அதனால உடைஞ்ச கம்பியை எண்ணணும். ஒரு புரி ரோப்பை ஒரு முழுச் சுத்து சுத்தி வர்ற நீளத்தை ‘லே’ன்னு சொல்வாங்க. அமெரிக்க ஏஎஸ்எம்இ தரத்துல, தலைக்கு மேல ஓடுற க்ரேனுக்கு, ஒரு லே நீளத்துல 12 கம்பி உடைஞ்சிருந்தாலோ, ஒரே புரியில 4 உடைஞ்சிருந்தாலோ ரோப்பை மாத்தணும். ரோப் மெலிஞ்சிருந்தா, கூடு மாதிரி உப்பியிருந்தா, முடிச்சு விழுந்து மடங்கியிருந்தா எண்ணவே தேவையில்ல, மாத்திடணும்.

எங்க பாட்டி பாவு நூல்ல விரலை ஓட்டியே அறுந்த இழையைக் கண்டுபிடிப்பாங்க. ரோப்ல வெறுங்கையை வச்சா உடைஞ்ச கம்பி முள்ளு மாதிரி சதையைக் கிழிச்சிடும். கையுறை போட்டு, பழைய துணியை ரோப்ல சுத்தி, நின்னுக்கிட்டிருக்கற ரோப் மேல மெதுவா ஓட்டுவாங்க. துணி மாட்டற இடத்துல நிறுத்தி, துடைச்சு, எண்ணுவாங்க. தறியில இழை அறுந்தா பிணைச்சுடலாம். இங்க பிணைக்க வழியே இல்ல.

ஹூக்: உடையறதுக்கு முன்னாடி வாயைத் திறக்கும்

நல்ல ஹூக் பட்டுனு உடையாது. அளவுக்கு மீறித் தூக்கினா முதல்ல வாய் விரியும். புது ஹூக்லயே ரெண்டு பக்கமும் சின்னதா பஞ்ச் குத்தி, நடு தூரத்தை அளந்து எழுதி வச்சுக்குவாங்க. அப்புறம் ஒவ்வொரு தடவையும் அளந்து பாக்கலாம். ஓஷா விதியில வாய் 15 சதவீதத்துக்கு மேல விரிஞ்சாலோ, ஹூக் 10 டிகிரிக்கு மேல முறுகியிருந்தாலோ, விரிசல் இருந்தாலோ அதை ஒதுக்கணும். 60 மில்லிமீட்டர் வாய் 69ஐத் தாண்டினா அவ்வளவுதான். சூடு பண்ணி அடிச்சு நிமித்தறது, வெல்டிங் வச்சு ஒட்டறது எல்லாம் செய்யவே கூடாது.

கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்கு ஒரு எளிய வழி இருக்கு. சிவப்புச் சாயத்தைத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, நல்லாத் துடைச்சுட்டு, வெள்ளைப் பவுடர் மாதிரி ஒரு ஸ்ப்ரே அடிப்பாங்க. விரிசலுக்குள்ள போன சாயம் மட்டும் வெளிய கசிஞ்சு சிவப்புக் கோடாத் தெரியும்.

ப்ரேக்: சீனாவுல ஒரு காலை

க்ரேன் ப்ரேக் கார் ப்ரேக் மாதிரி அமுக்கினா பிடிக்கறது இல்ல. ஸ்பிரிங் எப்பவும் அதைப் பிடிச்சே வச்சிருக்கும். மோட்டாருக்குக் கரண்ட் போகும்போது மட்டும் ப்ரேக் விலகும். கரண்ட் போனா தானா பிடிச்சுக்கும். ஏதாவது தப்பா நடந்தா பாதுகாப்பான பக்கம் போய் விழணும்ங்கிற யோசனை அது. ஆனா லைனிங் தேஞ்சிருந்தா, எண்ணெய் கசிஞ்சிருந்தா, ஸ்பிரிங் தளர்ந்திருந்தா அந்த யோசனை காகிதத்துல மட்டும்தான்.

2007 ஏப்ரல் 18. சீனாவோட லியாவோனிங் மாகாணத்துல சிங்ஹே ஸ்பெஷல் ஸ்டீல்னு ஒரு ஆலை. தலைக்கு மேல ஓடுற க்ரேன்ல, உருகின உருக்கு நிறைஞ்ச பெரிய வாளி, சுமார் 30 டன். ஷிஃப்ட் மாறுற நேரம். பக்கத்துல ஒரு ரூம்ல தொழிலாளர்கள் கூடியிருந்தாங்க. வாளி இறங்கும்போது க்ரேனோட கன்ட்ரோல் சர்க்யூட்ல பழுது. ப்ரேக்கால பிடிச்சு நிறுத்த முடியல. வாளி விழுந்து உருக்கு கொட்டி அந்த ரூமுக்குள்ள பாய்ஞ்சுது. 32 பேர் இறந்தாங்க, 6 பேர் காயம்.

விசாரணையில வந்த விஷயம் இது: உருகின உலோகத்தைத் தூக்கறதுக்குன்னே தயாரிச்ச க்ரேன் அது இல்ல, சாதாரண வகை. ஆளுங்க கூடற ரூமும் ஆபத்தான இடத்துக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. இதைப் படிச்சப்போ எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. “ப்ரேக் சரியா?”ன்னு மட்டும் கேட்டா பத்தாது. “இந்த வேலைக்கு இந்த க்ரேன் சரியா? லோடு விழுந்தா அது விழற இடத்துல யார் இருக்காங்க?” இந்த ரெண்டும் என்னோட 14 கேள்வியில இல்ல.

வருஷத்துக்கு ஒரு தடவை: சுத்தியல் எடுத்துட்டு வர்றவர்

நம்ம நாட்டுல 2025 வரைக்கும் தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 29 இதைப் பத்திப் பேசுச்சு. தூக்கும் இயந்திரம், செயின், ரோப், ஸ்லிங் எல்லாத்தையும் 12 மாசத்துக்கு ஒரு தடவையாவது தகுதி பெற்ற நபர் முழுசாப் பரிசோதிக்கணும், ரிஜிஸ்டர் வைக்கணும், எவ்வளவு தூக்கலாம்னு க்ரேன் மேலயே தெளிவா எழுதணும், அதுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு அதுல இருந்துச்சு. இதையும் வேற சில சட்டங்களையும் சேர்த்து 2020ல பாராளுமன்றம் ஒரு தொகுப்பா நிறைவேற்றுச்சு. தமிழ்நாட்டுல இதை மேற்பார்க்கறது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

‘முழுப் பரிசோதனை’ன்னா என்னன்னு அந்தப் பிரிவுலயே விளக்கம் இருந்துச்சு. கண்ணால பாக்கறது, தேவைப்பட்டா சுத்தியலால தட்டிப் பாக்கறது மாதிரி வேற வழிகள், அப்பவும் தெளிவு வரலைன்னா பாகத்தைக் கழட்டிப் பாக்கறது. சந்தையில மண்பானை வாங்கும்போது விரலால தட்டிப் பாப்பாங்களே, அதே லாஜிக். இறுகின போல்ட் ஒரு மாதிரி சத்தம் குடுக்கும், தளர்ந்தது வேற மாதிரி.

எங்க ஷெட்டுக்கு வந்தவர் முதல்ல க்ரேன் பக்கமே போகல. ரிஜிஸ்டர் கேட்டார். ஸ்லிங் எத்தனைன்னு கேட்டார். எண்ணிப் பாத்தா ரெண்டு ஸ்லிங்ல எவ்வளவு தூக்கலாம்ங்கிற டேக்கே இல்ல. தனியா எடுத்து வைக்கச் சொன்னார். அப்புறம் மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி, தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டார். “இதை நான் மட்டும்தான் திறப்பேன்”னார். மேல கரண்ட் லைன் போகுது, பக்கத்துலயே கை வச்சு வேலை பாக்கணும், யாராவது தெரியாம பட்டனை அமுக்கினா பாலம் நகரும். க்ரேன் ஓடற பாதையில ஆள் வேலை செஞ்சா, அவர் இருக்குற இடத்துக்கு 6 மீட்டருக்குள்ள க்ரேன் வராம பாத்துக்கணும்னு பிரிவு 29லயே இருந்துச்சு.

பாலம் கடைசியில போய் நிக்கற தடுப்போட ஒரு போல்ட் தளர்வு. ப்ரேக் லைனிங் தேஞ்சிருக்கு. ரோப் புதுசு, சரி. லிமிட் சுவிட்ச், அதே பழைய சுவிட்ச், லிவருக்கு எண்ணெய் மட்டும் போட்டிருந்தாங்க.

ஓனர் கேட்டார்: “சார், சர்டிஃபிகேட் மட்டும் குடுத்துடுங்க. பார்ட்ஸ் அடுத்த வாரம் வந்துடும்.”

அவர் கோபப்படல. “பார்ட்ஸ் வந்ததும் கூப்பிடுங்க, நானும் வர்றேன்”னுட்டு பையை எடுத்துக்கிட்டார்.

க்ரேன் நாலு நாள் நின்னுச்சு. அண்ணன் கான்ட்ராக்ட் ஆள், தினக்கூலி. அந்த நாலு நாளும் சம்பளம் இல்ல.

லோட் டெஸ்ட்: சோதனையே ஆபத்தான நேரம்

லைனிங், சுவிட்ச் எல்லாம் மாத்தினதும் வந்து லோட் டெஸ்ட் பண்ணார். அதிகபட்சமா, எழுதியிருக்கற அளவுல 125 சதவீதம் வரைக்கும். 5 டன்னுக்கு 6.25 டன். எடை தெரிஞ்ச பாரத்தைத்தான் தூக்கணும், குத்துமதிப்பு கூடாது. தூக்கி நிறுத்தி, பாலம் எவ்வளவு வளையுது, இறக்கினதும் பழைய நிலைக்கு வருதான்னு பாக்கணும்.

அன்னிக்கு அவர் எல்லாரையும் ஷெட்டுக்கு வெளிய அனுப்பிட்டார். எனக்கு வேடிக்கை பாக்க ஆசை. விடல. ஏன்னு கேட்டேன். “விசாகப்பட்டினம் தெரியுமா?”ன்னார்.

2020 ஆகஸ்ட் 1, சனிக்கிழமை. விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டு. 70 டன் தூக்கற பெரிய க்ரேன் ஒண்ணுக்கு லோடு வச்சு சோதனை நடந்துக்கிட்டிருந்துச்சு. க்ரேன் அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு. 11 பேர் இறந்தாங்க. 4 பேர் ஷிப்யார்டு ஊழியர்கள், 7 பேர் கான்ட்ராக்ட் கம்பெனிகளோட ஆளுங்க. சோதனை நடக்கும்போது ஆளுங்க க்ரேன்லயே இருந்தாங்க.

டெஸ்ட்னா நமக்கு ஸ்டேஜிங் சர்வர். ஃபெயில் ஆனா சிவப்புக் கோடு வரும், காஃபி குடிச்சுட்டு வந்து சரி பண்ணலாம். இங்க டெஸ்ட் ஃபெயில் ஆகறதுன்னா இரும்பு விழறது. சோதனைன்னாலே அது தாங்காமலும் போகலாம்னுதான் அர்த்தம். அதனால அந்த நேரத்துல அங்க எவ்வளவு குறைச்சலா ஆள் இருக்காங்களோ அவ்வளவு நல்லது.

ஆப்ல என்ன மாத்தினேன்

“எல்லாம் ஓகே” பட்டனைத் தூக்கிட்டேன். அது ஒரு நிமிஷ வேலை. மத்தது எல்லாம் அண்ணன் கூட உக்காந்து மாத்தினது.

கேள்வியை 14ல இருந்து 8 ஆக்கினோம். மாசத்துக்கு ஒரு தடவை பாக்க வேண்டியதைக் காலைப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டோம். பட்டியல் நீளமா இருந்தா ஆளுங்க ஏமாத்துவாங்க, அது அவங்க குணம் இல்ல, நேரம் இல்லாததுதான். “ரோப் சரியா?”ன்னு கேக்கறதுக்குப் பதிலா “உடைஞ்ச கம்பி எத்தனை?”ன்னு கேக்கறோம். சுழியம்னு போடறதுக்காவது பாக்கணும். பட்டன் சைஸைக் கையுறைக்கு ஏத்த மாதிரி பெருசாக்கினேன். ‘நிறுத்து’ன்னு ஒரு சிவப்புப் பட்டன்; அமுக்கினா ஓனருக்கும் சூப்பர்வைசருக்கும் ஒரே நேரத்துல மெசேஜ் போகும்.

இவ்வளவும் செஞ்சு காட்டினப்போ அண்ணன் கேட்ட கேள்விக்கு என்கிட்ட கோடு இல்ல. “நிறுத்துன்னு அமுக்கினா எனக்கு அன்னிக்குக் கூலி உண்டாடா?”

உண்மையான பிரச்சினை அங்கதான் இருக்கு. கோளாறு இருக்குன்னு சொல்றவனுக்கே நஷ்டம்னா யாரும் சொல்ல மாட்டாங்க. எந்த ஆப் வச்சாலும் காலையில 8.02க்கு எல்லாம் ஓகேதான். அண்ணனும் இன்னும் மூணு ஆபரேட்டர்களும் சேர்ந்து ஓனர்கிட்ட போய்ப் பேசினாங்க. முதல்ல மழுப்பினார். அறுந்த ரோப்போட விலை, விழுந்த ஹூக் பிளாக், நாலு நாள் நின்னுபோன வேலை, எல்லாத்தையும் அண்ணன் ஒரு பேப்பர்ல கூட்டிக் காட்டினார். அதுக்கப்புறம் ஒத்துக்கிட்டார்: க்ரேன் கோளாறுன்னு சொல்லி நிறுத்தினா, அன்னிக்கு வேற வேலை குடுப்போம், கூலி பிடிக்க மாட்டோம். வாய்வார்த்தைதான், எழுத்துல இல்ல. இதுவரைக்கும் ரெண்டு தடவை சிவப்புப் பட்டன் அமுங்கியிருக்கு. ரெண்டு தடவையும் கூலி வந்துச்சு.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் இப்பவும் ஞாயித்துக்கிழமையில எங்க வீட்டுத் தறியில கொஞ்ச நேரம் உக்காருவார். உக்காரறதுக்கு முன்னாடி, தலைக்கு மேல இருக்குற ஜக்கார்டு பெட்டியை அண்ணாந்து பாத்து, கட்டியிருக்கற கயித்தை ஒரு தடவை இழுத்துப் பாத்தார். “எப்ப இருந்து இது?”ன்னு கேட்டேன். “தாத்தா பண்ணுவார்டா, நீ பாத்ததில்லையா?”ன்னார். நான் பாத்ததே இல்ல. ஃபோன்ல இருந்திருப்பேன்.

உங்க வீட்டுல யாராவது, அப்பாவோ மாமாவோ அண்ணனோ, க்ரேன் ஓடுற இடத்துல வேலை பாத்தா இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது ரெண்டு கேள்வி கேளுங்க. அந்த அப்பர் லிமிட் சுவிட்சைக் கடைசியா எப்ப சோதிச்சீங்க? கோளாறுன்னு சொல்லி நிறுத்தினா அன்னிக்குச் சம்பளம் உண்டா? பதிலை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, கம்பெனி பேர் இல்லாம. வர்றதை வச்சு இன்னொரு எபிசோட் பண்ணலாம்.

அடுத்த வாரம் பாப்போம் மக்களே. லோடுக்குக் கீழ மட்டும் நிக்காதீங்க.